பார்த்த ஊருக்கு எதற்கு டிக்கெட்

"நாலு பேருதானக்கா, எல்லாம் கைக்குள்ள அடங்கிரும்" என்று முன்னறையில் புருசன் திரவியம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது அடுப்படியில் நின்று புளி கரைத்துக்கொண்டிருந்த ஜெயக்கனியின் காதில் விழுந்தது. விழுந்த வார்த்தை அங்கேயே தங்கிவிட்டது. நாலு பேர். அவள் கை சட்டிக்குள் புளியைப் பிசைந்துகொண்டே இருக்க, மனது தன் பாட்டுக்கு நாளைக்குத் தூத்துக்குடி போகிற ஆளை எண்ணத் தொடங்கியது. இவர் ஒன்று. தென்காசியிலிருந்து காலையில் வரப்போகிற இவருடைய அக்கா ராஜமணி மைனி, மைனியின் வீட்டுக்காரர், அவர்கள் மகள். ஆக நாலு. இன்னொரு தடவை எண்ணினாள், இந்தத் தடவை மைனி மகளிடமிருந்து ஆரம்பித்து. அப்போதும் நாலுதான் வந்தது. ஒருவேளை தன்னை விட்டுவிட்டு எண்ணியிருப்பாரோ என்று ஒரு கணம் அவருக்காகவே வாதாடிப் பார்த்தாள். சிலபேர் அப்படித்தான், பந்தியில் இலை எண்ணும்போது தன் இலையை மறந்துவிடுவார்கள். ஆனால் திரவியம் அந்த ரகம் இல்லை. கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுத்தால்கூட தனக்கொன்று வாங்கிவிட்டு, வராத ஆளுக்கும் ஒன்று கேட்டு வாங்கி வருகிற மனுசன். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிற அளவுக்கு அவருக்கு ஞாபக மறதி வர வழியில்லை. விரல் இடுக்கில் ஒரு புளியங்கொட்டை மாட்டியது. அதை எடுத்து வெளியே போட்டாள். நாலு பேர் என்றால் நாலு பேர்தான், அவள் அதில் இல்லை, அவ்வளவுதானே, இதில் என்ன திரும்பத் திரும்ப எண்ண வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் எண்ணினாள்.

போன் ஸ்பீக்கரில் கிடந்தது. அவருக்குக் காதில் வைத்துப் பேசினால் பேசின மாதிரியே இருக்காது, தெருவுக்கே கேட்க வேண்டும். மைனி கேட்டாள், "அப்போ ஜெயக்கனி வரலையாடே?" கேட்டது மைனிதான், அதற்கு ஒரு கும்பிடு. ஜெயக்கனி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் தீயைக் கூட்டாமல் நின்றாள், பதில் சரியாகக் கேட்க வேண்டுமே என்று. திரவியம் சிரித்தார். "அவளுக்கென்ன, தூத்துக்குடிக்காரி. பொறந்து வளந்த ஊரு, அவ பாக்காததா? பாத்த ஊருக்கு எதுக்கு டிக்கெட்டு? குழாயில தண்ணி வேற நாளைக்குத்தான் வருது, ஒரு ஆளு வீட்ல நிக்கணும்லா." மைனி கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனைக்குள் ஜெயக்கனிக்கு ஒரு சின்ன நம்பிக்கை எழும்பியது உண்மை. பிறகு மைனி சொன்னாள், "அதுவும் சரிதான்." அவர் சொன்னதைவிட அந்த 'அதுவும் சரிதான்' அவளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. இவராவது காசுக்காகச் சொல்கிறார், காசுதான் அவருக்குச் சாமி. மைனிக்கு என்ன வந்தது? முட்டு வலிக்கிறது என்று போன வருசம் பதினைந்து நாள் இங்கே வந்து கிடந்தபோது நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்த கை எது? அதுவும் சரிதானாம். கடுகைப் போட்டாள். எண்ணெய் இன்னும் காயவில்லை, கடுகு வெடிக்காமல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்தது.

சரி, வராதவளை எதற்கு ஒரு வாரமாக இந்தப் பாடு படுத்த வேண்டும்? திங்கட்கிழமை ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஹார்பருக்குள்ளே பொதுமக்களை விடுகிறார்கள், கப்பலைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம், காசு கிடையாது என்று அவர் கடைக்கு வந்த யாரோ சொல்ல, 'காசு கிடையாது' என்ற அந்த ஒரு வார்த்தையில் மனுசன் தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடிவந்தார். அன்றையிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவளிடம் விசாரணைதான். ஏளா, பாளையங்கோட்டையில பஸ் ஏறினா அங்க பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகுமா, புதுசுக்கா? ஏளா, அங்கருந்து ஹார்பருக்கு டவுன் பஸ் எந்தப் பக்கம் நிக்கும்? மத்தியானம் உக்காந்து சாப்பிட நிழல் எங்க இருக்கு? அக்காவுக்கு முட்டு வலி, ரொம்ப நடக்காம மாதா கோயிலுக்குப் போக வழி உண்டா? மக்ரூன் எந்தக் கடையில வாங்கினா ஏமாத்த மாட்டான்? எல்லாம் சொன்னாள். சொன்னாள் என்ன, வாயில் எச்சில் ஊற ஊறச் சொன்னாள். ரோச் பூங்காவில் எந்த மரத்தடியில் காற்று வரும் என்பதுவரை சொன்னாள். பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, ஆனால் வலது பக்கம்தான் உப்பளம் நன்றாகத் தெரியும், பிள்ளையை அங்கே உட்கார வையுங்கள் என்றாள். ஓட்டலில் நாலு பேர் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது, புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இவர் சொன்னபோது, புளியோதரைக்குத் தொட்டுக்கொள்ள கொள்ளு வறுத்துக் காணத் துவையல் அரைத்துக்கொள்ளலாம், கெடாது என்று யோசனை சொன்னவளும் இவள்தான். அப்போதே 'நாலு பேர்' என்றுதான் சொல்லியிருக்கிறார். இவள் காதில்தான் அது அஞ்சு பேர் என்று விழுந்திருக்கிறது. சே, என்ன ஒரு பைத்தியக்காரி. மஞ்சள் சேலையா, அந்த மயில் கழுத்து நிறச் சேலையா என்று நேற்று பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு நின்றாள். புளித்தண்ணீரை ஊற்றினாள். சட்டி சீறியது, ஆவி முகத்தில் அடித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புளி ஆவிக்குக் கண் எரியத்தானே செய்யும்.

பாத்த ஊருக்கு எதுக்கு டிக்கெட்டாம். இந்தக் கணக்கை இவர் மற்ற விசயத்தில் போட்டுப் பார்க்கட்டுமே. வருசா வருசம் நெல்லையப்பர் தேர் ஓடுகிறது, வருசா வருசம் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாய்க் கிளம்புகிறாரே, போன வருசம் பார்த்த அதே தேர்தானே? நேற்று தின்ற தோசையைத்தானே இன்றைக்கும் கேட்கிறார்? தினம் சாயங்காலம் கடை அடைத்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நின்று அதே கூட்டாளிகளிடம் அதே பேச்சைப் பேசிவிட்டு வருகிறாரே, அதெல்லாம் பார்க்காத முகமா? இவர் பிறந்தது பாளையங்கோட்டை, வளர்ந்தது பாளையங்கோட்டை, போய்ச் சேரப் போவதும் இங்கேதான். அப்படியானால் இவர் கண்ணை மூடிக்கொண்டுதானே நடக்க வேண்டும்? பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு மட்டும் ஒரு தடவை பார்த்தால் ஆயுசுக்கும் பார்த்த கணக்கு. அவள் அப்பாவும் அம்மாவும் இருந்தவரைக்கும் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு நடை போய்வருவாள். அவர்கள் போனபிறகு, தம்பி தேவராஜ் வாடகை வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு திருப்பூர் போனபிறகு, 'அங்க உனக்கு யாரு இருக்கா' என்ற ஒரே கேள்வியில் அந்த ஊரை இவர்கள் அடைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் வந்துவிடுகிற ஊர். துபாய்க்குப் போனவன்கூட ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை ஊர் பார்க்க வருகிறான். ஒரு ஊரைப் பார்க்க அங்கே ஆள் இருக்க வேண்டுமா? மைனிக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? மைனி வீட்டுக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லாதவர்களெல்லாம் போகலாம், அங்கே இருந்தவர்களைச் சாகக் கொடுத்தவள் போகக் கூடாது. புளி கொதித்து மேலே நுரை கட்டியது. கரண்டியால் நுரையை ஒதுக்கி ஒதுக்கி எடுத்தாள், எடுக்க எடுக்க வந்தது.

இதையெல்லாம்கூட அவள் விழுங்கிவிடுவாள். ஆறின சோற்றை விழுங்குகிற மாதிரி இத்தனை வருசம் விழுங்கியிருக்கிறாள். விழுங்க முடியாமல் தொண்டையில் நிற்பது வேறொன்று. அவள் கப்பலைப் பார்த்ததில்லை. தூத்துக்குடியில் பிறந்து, ஹார்பர் வாசலுக்கு வெளியே டீக்கடை போட்டிருந்த மனுசனுக்கு மகளாய் இருந்தும், கிட்டப் போய் நின்று ஒரு கப்பலை அண்ணாந்து பார்த்ததில்லை. சத்தம் கேட்டிருக்கிறாள். வருசப் பிறப்பு ராத்திரி எல்லாக் கப்பலும் சேர்ந்து ஹாரன் அடிக்கும்போது அலமாரியில் தம்ளர் அதிரும், அம்மா எழுந்து உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டுக்கொள்வாள். தூரத்தில் பார்த்திருக்கிறாள், கடற்கரையில் நின்றால் கண்ணுக்கெட்டின கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு ஒன்று நிற்கும், சாயங்காலம் அதில் விளக்கு எரியும். அவ்வளவுதான் அவளுக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு. அப்போதும் வருசத்தில் ஒரு நாள் உள்ளே விடுவார்கள். அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்புவார். நானும் வாரேன்ப்பா என்று வாசல்வரை ஓடுவாள். "கூட்டத்துல பொட்டப்பிள்ளயக் கூட்டிட்டு நான் எங்க போயி நிக்கட்டும், நீ பெரிய பிள்ளையான பொறவு பாத்துக்கிடலாம்." பெரிய பிள்ளையானாள். பெரிய பிள்ளையானதும் அம்மா சொன்னாள், "வயசுப் பிள்ளைக்கு ஹார்பர்ல என்ன சோலி? லாரிக்காரனும் லோடுமேனும் நிக்குத எடம். நாளைக்குக் கெட்டிக்கிட்டவன் கூட்டிட்டுப் போவான்." கட்டிக்கொண்டவன் வந்தான். கட்டிக்கொண்டவன் சொல்கிறான், அவ பாக்காததா. பார்க்க வயசு பத்தாது என்றார்கள், பிறகு வயசு கூடிப்போச்சு என்றார்கள், இப்போது பார்த்தாச்சு என்கிறார்கள். இதற்கு நடுவில் அவள் பார்த்துக்கொள்ள என்று ஒரு நாள் இருந்திருக்க வேண்டுமே, அது எந்த நாள்? எந்தக் கிழமை? அன்றைக்கு அவள் எங்கே போயிருந்தாள்? கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டாள்.

"என்னளா அங்க சத்தம்?" என்று முன்னறையிலிருந்து கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். பாருங்கள், இந்த 'ஒண்ணுமில்ல' எப்படி நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. ஒண்ணுமில்ல என்று சொல்லிச் சொல்லித்தான் ஒன்றுமில்லாமல் போனாள். இப்போதே போய் முன்னால் நின்று சொன்னால் என்ன? நானும் வாரேன். ரெண்டே வார்த்தை. சொன்னால் அவர் திட்ட மாட்டார், அடிக்க மாட்டார், அந்த மாதிரி ஆள் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "நீயா? நீ என்னத்துக்கு?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்பார். அந்த ஆச்சரியத்துக்குத்தான் அவளுக்குப் பயம். திட்டினால் திருப்பித் திட்டலாம். ஆச்சரியப்படுகிறவனிடம் என்ன சொல்ல? கப்பல் பார்க்கணும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும், நீதான் பாத்திருக்கியே. அங்கேதான் அவள் மாட்டிக்கொள்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டுப் பெண்டுகள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஹார்பர்காரிக்குக் கப்பலெல்லாம் நம்ம ஊர் மாட்டுவண்டி மாதிரி என்ன, என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டபோது அவள் இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கடற்கரையில் பிறந்தவள் கப்பல் பார்த்ததில்லை என்றால் சிரிப்பார்கள். அதைவிட, பெற்றவர்கள் பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வளர்த்தார்கள் போல என்று அப்பாவை இளக்காரமாகப் பேசுவார்கள். அப்பாவை அவள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவாள், மற்றவர்கள் பேசக் கூடாது. அதனால் சும்மா சிரித்தாள். மைனி தோண்டித் துருவிக் கேட்டபோது தம்பி வந்து சொன்ன கதைகளில் ஒன்றிரண்டை எடுத்து விட்டாள், உள்ளே படிக்கட்டு இருக்கும், சமையல்கட்டு இருக்கும் என்று. அன்றையிலிருந்து அவள் கப்பல் பார்த்தவள். இந்தத் தெருவில் அவளுக்கென்று இருக்கிற ஒரே கெத்து அதுதான். நகை இல்லை, படிப்பு பத்தாவதோடு சரி, பிறந்த வீடு இல்லை. கப்பல் பார்த்தவள் என்ற பெயர் ஒன்று இருக்கிறது. அதையும் கொண்டுபோய் அவர்கள் காலடியில் வைத்தால் அப்புறம் என்ன மிச்சம்?

புளி சுண்டிக்கொண்டு வந்தது. இந்த நேரத்தில் விட்டுவிட்டு நகர முடியாது, அடி பிடித்துவிடும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டு தெறித்து மணிக்கட்டில் விழுந்தது. ஊதிக்கொண்டாள். போகட்டும், நாலு பேரும் போகட்டும், போய் அலையட்டும். அவள் சொன்ன வழியெல்லாம் இத்தனை வருசத்துக்கு முந்தின வழி. அந்த மக்ரூன் கடை இருக்கிறதோ இல்லையோ. டவுன் பஸ் நிற்கிற இடத்தை மாற்றியிருப்பார்கள். பூங்காவில் அந்த மரம் புயலில் விழுந்திருக்கும். மைனி முட்டியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து, "ஜெயக்கனி சொன்ன கடை இல்லையடே" என்று சொல்வாள். ஒரு நிமிசம் அது அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அடுத்த நிமிசமே திக்கென்றது. கடை இல்லை, மரம் இல்லை, வாசலில் அப்பாவின் டீக்கடை இருந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்று மைனி வந்து சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவள் ஊரில் எது இருக்கிறது எது போய்விட்டது என்பதைத் தென்காசிக்காரி வந்து சொல்ல, இவள் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்க வேண்டுமா? அதோடு இவருடைய சிக்கனக் கணக்கு வேறு. டவுன் பஸ்ஸில் அக்காவுக்கும் பிள்ளைக்கும் டிக்கெட் கிடையாது, பொம்பளையாளுக்கு ஃப்ரீ என்று போனில் குதிக்கிறாரே, அவளும் பொம்பளையாள்தானே? ஹார்பருக்குள்ளே காசு இல்லை, டவுன் பஸ்ஸில் காசு இல்லை, சோறு அவள் கையால் கட்டுவது. அவள் வருவதால் இவருக்கு ஆகிற செலவெல்லாம் போவதற்கு ஒரு டிக்கெட், வருவதற்கு ஒரு டிக்கெட். அவளுடைய கடல், அவளுடைய அப்பா நின்று டீ ஆற்றின வாசல், அவள் பிறந்ததிலிருந்து பார்க்காத கப்பல், எல்லாம் சேர்த்து அந்த ரெண்டு டிக்கெட்டுக்கு ஆகாமல் போயிற்று. எண்ணெய் மேலே மிதக்கத் தொடங்கியது. வெந்தயப் பொடியைத் தூவினாள், பெருங்காயம் போட்டாளா இல்லையா என்று ஞாபகம் வரவில்லை, மறுபடியும் ஒரு துளி போட்டாள். கூடினால் கூடட்டும், தின்னப் போவது அவர்கள்தானே.

அப்போதுதான் திரவியம் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். முகமெல்லாம் பெருமை. திட்டம் முடிந்துவிட்டது, நினைத்ததற்கும் குறைந்த செலவிலேயே முடிந்துவிட்டது, அந்தக் குளிர்ச்சி முகத்தில் தெரிந்தது. "ஏளா, அக்கா ஒண்ணு கேக்கா. நீதான் சொல்லணும்."

"ஜெயக்கனி, எம்மவ போட்டு உசுர வாங்குதா" என்று போனுக்குள் மைனி சிரித்தாள். "கப்பலு எம்புட்டுப் பெருசு இருக்கும்னு கேக்கா. நம்ம கோயில் கோபுரம் அளவு இருக்குமான்னு. நான் என்னத்தக் கண்டேன். நீ பாத்தவ, நீ சொல்லு."

திரவியம் போனை அவள் வாய்க்கு நேரே பிடித்தார். சட்டியில் புளி பொத் பொத்தென்று குமிழி விட்டது. மைனியின் மகள் அந்தப் பக்கம் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. சொல்லலாம். கோபுரத்தைவிடப் பெருசு என்று சொல்லலாம், தம்பி அப்படித்தான் சொன்னான். சொன்னால் எல்லாரும் ஆகாவென்று கேட்டுக்கொண்டு நாளைக்குக் கிளம்பிவிடுவார்கள், அவள் இங்கே கப்பல் பார்த்தவளாகவே குழாயடியில் நிற்கலாம். வாயைத் திறந்தாள். அத்தனை கோபமும் மேலே வந்தது, அப்பா மேல், அம்மா மேல், முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற இந்த மனுசன் மேல், இத்தனை வருசம் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் மேல்.

"தெரியாது மைனி" என்றாள். "நான் கப்பலே பாத்ததில்ல."

திரவியம் சிரிக்கப் போனார், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "என்னளா சொல்லுத? ஹார்பர்காரி நீ..."

"வாசல்ல பொறந்தா உள்ள போனதா அர்த்தமா? எங்கப்பா என்னயக் கூட்டிட்டுப் போகல. நீங்களும் கூட்டிட்டுப் போகல. யாரும் கூட்டிட்டுப் போகாம நான் எப்பிடிப் பாப்பேன்?" பிறகு போனுக்கு நேராகக் குனிந்து, அந்தப் பக்கம் காத்திருக்கிற பிள்ளைக்குக் கேட்கும்படி சொன்னாள். "நாளைக்கு நானும் வாரேன். ரெண்டு பேரும் சேந்தே பாத்துக்கிடுவோம்."

"ஏளா, தண்ணி..." என்று திரவியம் ஆரம்பித்தார்.

"அதை எப்பிடியோ பாத்துக்கிடுங்க" என்றாள்.

அடுப்பை அணைத்தாள். அவர் போனைப் பிடித்தபடியே நின்றார், மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்பது உதடு அசைவதிலேயே தெரிந்தது. மைனி ஏதோ சொன்னாள், அவளுக்குக் காதில் ஏறவில்லை. கோபுரத்தைவிடப் பெரிதாக இருக்குமா, இல்லை தம்பி சும்மா அளந்தானா? அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.